பூச்சிக்கும் ஊர் உண்டு

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் போதும், சென்னையிலிருந்து கேமராக்கள் வடக்கே கிளம்பிவிடும். பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை வந்துவிட்டதாம்! சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரி மாதிரி மீனவ ஊர்களின் கரையில், முழங்கை நீள லென்ஸ்களோடு ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருக்கும்.

எதைச் சலிக்கிறது? கூனிப்பொடி மாதிரி சின்னச் சின்ன உயிர்கள், நத்தைக் குஞ்சுகள், கூடவே ஒரு பூச்சியின் புழு. பார்ப்பதற்குக் கொசு போலவே இருந்து, ஆனால் கடிக்காத ஒரு பூச்சி உண்டு. அதன் புழு சேற்றுக்குள் இருக்கும். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைப்பதற்காக அதன் உடம்பில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால் நிறமும் இரத்தச் சிவப்பு. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'ப்ளட் வார்ம்' என்று கேட்டால் கிடைப்பது இந்த வகைதான். அத்தனை பேரை ஊரைவிட்டுக் கிளப்பி வரவைத்த அந்தப் பறவை, இந்தப் புழுவையும் நம்பித்தான் வருகிறது.

பூநாரையை எடுப்பவர் புழுவை எடுக்கவில்லையே என்று அவர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. அவர் தூரத்தில் நிற்கிறார். பறவையைத் தொடுவதில்லை. பறவை எங்கே, எப்படி நிற்கிறதோ அதைத்தான் எடுக்கிறார். பஞ்சாயத்து இங்கே வேறு ஒரு கூட்டத்தோடு. பூச்சிகளை மேக்ரோ லென்ஸில் எடுத்து, கீழே 'இயற்கை' என்று எழுதிப் போட்டிக்கு அனுப்பும் கூட்டத்தில் ஒரு பகுதியோடு.

என்ன செய்கிறார்கள்?

ஒரு தட்டானையோ வெட்டுக்கிளியையோ டப்பாவில் பிடிக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வசதி கிடையாது. குளிரில் மரத்துப்போகும். சில நிமிடங்களில் எடுத்து ஒரு காம்பில் வைத்தால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்தால் 'பனித்துளி'. தண்ணீர் வழிந்துவிடுகிறதா? கிளிசரின் கலந்தால் நிற்கும். பின்னால் கறுப்பு அட்டை. இரண்டு பக்கமும் ஃப்ளாஷ். இன்னும் கொஞ்சம் 'துணிச்சல்' உள்ளவர்கள் பசையும் பயன்படுத்துவார்கள். தவளை வண்டின் மேல் சவாரி செய்வது, கும்பிடுபூச்சி சைக்கிள் ஓட்டுவது மாதிரி படங்கள் இணையத்தில் சுற்றுவதைப் பார்க்காதவர் யார்? அந்தக் கும்பிடுபூச்சி எந்தக் கடையில் சைக்கிள் வாங்கியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

இதே காரியத்தை ஒரு பூநாரைக்குச் செய்து பார்க்கட்டும். பிடித்துக் குளிர்பெட்டியில் மயங்க வைத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தால் வனத்துறை வழக்குப் போடும், பத்திரிகைகள் கிழிக்கும், நண்பர்களே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தட்டானுக்குச் செய்தால் 'அருமை', 'என்ன ஷார்ப்னெஸ்!' என்று பாராட்டு. ஒரே ஏரிக்கரை, ஒரே சரணாலயம், இரண்டு நீதி.

பொய்க்கு நூறு வயது

இது புதிய வியாதி இல்லை. 1910 வாக்கில் இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் என்பவர் ஈயைக் கட்டிவைத்து, அது கால்களால் பொருட்களை உருட்டி வித்தை காட்டுவது போலப் படம்பிடித்தார். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஈயைக் கொடுமைப்படுத்துகிறார் என்று அப்போதே புகாரும் வந்தது.

அதே காலத்தில், இன்றைய லிதுவேனியாவில் இருக்கும் கௌனாஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஸ்டாரெவிச் என்பவர், கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படமெடுக்க ஆசைப்பட்டார். அவை இரவில் நடமாடுபவை. விளக்கைப் போட்டால் அசையாமல் கிடந்தன. கடைசியில் செத்த வண்டுகளின் கால்களில் கம்பியைப் பொருத்தி, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமாக்கினார். 1912-ல் வண்டுகளையே நடிகர்களாக்கி ஒரு முழுக் கதையையும் எடுத்தார். பழக்கப்படுத்திய பூச்சிகள் நடிக்கின்றன என்று நம்பியவர்கள்கூட உண்டு. ஆனால் ஸ்டாரெவிச் எடுத்தது கதை. கணவன் மனைவிச் சண்டை போடும் வண்டை யாரும் உயிரியல் பாடமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பொம்மலாட்டம் காட்டுபவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லையே. கயிறு இருக்கிறது என்பது பார்ப்பவனுக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் தட்டானில் கயிற்றை மறைத்துவிட்டு 'இயற்கை' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெரிய மிருகம் என்றால் உலகம் சும்மா விடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-ல் முதல் பரிசு பெற்றது, வேலியைத் தாண்டும் ஓர் ஓநாயின் படம். அது பழக்கப்படுத்திய ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-ல் அதே போட்டியில் பிரேசிலிலிருந்து வந்த ஒரு படம் ஒரு பிரிவில் ஜெயித்தது. இருட்டில் ஒரு கறையான் புற்று. புற்றின் மேல் நட்சத்திரங்கள் போல மின்னும் வண்டுப் புழுக்கள். கீழே ஓர் எறும்புதின்னி. அந்த எறும்புதின்னி பாடம் செய்யப்பட்ட பொம்மை என்று நிபுணர்கள் சொல்ல, 2018-ல் அந்தப் பரிசும் போனது. இரண்டு புகைப்படக்காரர்களும் குற்றச்சாட்டை மறுத்தார்கள், தீர்ப்பு மாறவில்லை.

இரண்டாவது படத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். அதில் சந்தேகத்துக்கு ஆளானது பாலூட்டி மட்டும்தான். மின்னிய பூச்சிகளை யாரும் குறை சொல்லவில்லை! நிலைமை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது எறும்புதின்னி நிஜமாகவும் பூச்சிகள் ஒட்டவைத்ததாகவும் இருந்திருந்தால், யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? கண்டுபிடித்தாலும் பொருட்படுத்தியிருப்பார்களா?

சொல்லப்படும் சமாதானங்கள்

முதல் சமாதானம்: 'ஒரு ஏக்கர் வயலுக்கு மருந்தடித்தால் லட்சம் பூச்சி சாகிறது. ஒரு தட்டானைப் பத்து நிமிடம் குளிரில் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?' எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வாதம் ஜெயிக்கும். ஒரு தட்டான் போவதால் பழவேற்காட்டில் தட்டான் இனம் அழியப்போவதில்லை. ஆனால் மருந்தடிக்கும் விவசாயி, 'இதோ பார் இயற்கை' என்று யாரிடமும் படம் காட்டவில்லை. பயிரைக் காப்பாற்ற அடிக்கிறார். அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. படமெடுப்பவர் விற்பதே நம்பிக்கையைத்தான். 'இது இப்படித்தான் இருந்தது, இருந்த இடத்தில் பார்த்தேன்' என்பதுதான் அந்தப் படத்தின் முழு மதிப்பும். அது பொய் என்றால் மீதி இருப்பது நல்ல வெளிச்சம் போட்ட ஒரு பிணம், அல்லது அரைப்பிணம்.

இரண்டாவது: 'விஞ்ஞானிகள் ஊசியில் குத்தி வைக்கவில்லையா?' வைக்கிறார்கள். 1916-ல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும், கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்திலும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே ஒரு குட்டிச் சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. அந்தச் சீட்டு விழுந்துவிட்டால் எவ்வளவு அபூர்வமான பூச்சியும் ஆராய்ச்சிக்குப் பாதி உதவாது. ஃப்ரேசர் என்ற இராணுவ மருத்துவர் தென்னிந்தியாவில் சுற்றித் திரிந்து, இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைப் புரட்டுவதற்குக் காரணம், எது எங்கே இருந்தது என்று அவர் எழுதிவைத்ததுதான். விஞ்ஞானி பூச்சியைக் கொன்றார், ஆனால் அதன் ஊரைக் காப்பாற்றினார். ஃபிரிட்ஜ் கலைஞரோ பூச்சியை வாட்டி எடுத்துவிட்டு ஊரையும் சேர்த்து அழித்துவிடுகிறார். கறுப்பு அட்டைக்கு எந்தத் தாலுகா?

மூன்றாவது: 'கிராமத்துப் பையன்கள் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடவில்லையா?' விளையாடுகிறார்கள். அது தப்புதான், வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். எட்டு வயதுப் பையனின் நூலை, லட்ச ரூபாய் கேமரா வைத்திருப்பவர் முன்னுதாரணமாகக் காட்டுவது கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

நான்காவதுதான் உண்மையான காரணம்: 'கஷ்டம் சார்.' கஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. பூச்சி எவ்வளவு பெரிதோ சென்சாரிலும் அவ்வளவு பெரிதாக விழ வேண்டும் என்றால், ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கண் தெளிவாக இருந்தால் சிறகு மங்கும். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில்கூட லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்காது. காற்றடித்தால் போச்சு, மூச்சுவிட்டால் போச்சு. பல படங்களை எடுத்து அடுக்கிச் சேர்ப்பதென்றால், அது வரைக்கும் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். அங்கேதான் ஃபிரிட்ஜ் ஆசை வருகிறது.

ஆனால் ஃபிரிட்ஜ் செய்யும் வேலையை மார்கழி விடியற்காலை இலவசமாகச் செய்கிறதே! ஆறு மணிக்கு ஏரிக்கரைக் கோரையில் தட்டான் நிஜமான பனித்துளியோடு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு சிறகுகளை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டுதான் பறக்கும். அதுவரை முக்காலியை நிறுத்தி, எத்தனை படம் வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். தொட வேண்டியதில்லை. வேண்டியது அலாரம் ஒன்றுதான். செலவும் பெரிதில்லை. பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம், ஃப்ளாஷை மென்மையாக்க ஒரு டிரேசிங் பேப்பர், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மகோல் துண்டு. செல்போனில் மாட்டும் குட்டி லென்ஸ் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996), பல பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்து, அதிலேயே கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தார். கருவி போதவில்லை என்று அவர் யானையைக் கட்டிப்போடவில்லை.

ஏன் ஊர் முக்கியம்?

சிலர் கேட்கலாம்: பூச்சியைத் தொடாமல் எடுத்தால் போதாதா, ஊர் பேர் எதற்கு?

பண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்று ஒரு தட்டான். மஞ்சள் உடம்பு, மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறப்பது. நம்மூரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் குட்டைகளில் முட்டையிடும். இது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் பயணம். இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? பெரிய கருவிகளால் இல்லை. நன்னீர் அதிகம் இல்லாத மாலத்தீவில் வருடா வருடம் இவ்வளவு தட்டான் எங்கிருந்து வருகிறது என்று யோசித்து, எந்தத் தேதியில் எந்த இடத்தில் முதலில் தென்பட்டன என்று குறித்துக்கொண்டே வந்தார். தேதியும் இடமும்தான் அந்தக் கண்டுபிடிப்பின் அஸ்திவாரம். சுண்ணாம்புக்குளத்துக் கரையில் ஐப்பசியில் எடுத்த ஒரு சாதாரணத் தட்டான் படம், தேதியும் ஊரும் இருந்தால் அந்தக் கதையில் ஒரு வரி. கறுப்பு அட்டைக்கு முன்னால் எடுத்த 'மாஸ்டர்பீஸ்' அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அடுத்தது, இந்த ஏரியின் வழக்கு. எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. அதில் நேலப்பட்டு பறவைச் சரணாலயத்தின் பேரும் வருகிறது. பேர் வந்ததற்குக் காரணம், பறவைகளை யாரோ பல வருடம் பார்த்து, எண்ணி, எழுதி வைத்திருந்ததுதான். தெற்கே கட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்குப் பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு முறை ஏரியின் தலைவிதி மேஜைக்கு வரும்போதும், இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இருப்பதற்காகத்தான் வாதாட முடியும். இல்லாதது, இருந்தாலும் இல்லாததுதான். பூநாரைக்குச் சாட்சி சொல்ல ஆயிரம் லென்ஸ் இருக்கிறது. ஈரச் சேற்றில் ஓடும் புலிவண்டுக்கு? எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு? உமரிச் செடிக்கு நடுவே பறக்கும் பேர் தெரியாத ஈக்கு?

சாட்சி சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர். அவரே சாட்சியத்தைக் கலைத்தால்?

புலிவண்டைச் சேற்றில் வைத்துப் பார்த்தால்தான் அது புலிவண்டு. அது ஓடும் வேகத்துக்கு அதன் கண்ணே ஈடுகொடுக்காது. நின்று, பார்த்து, மறுபடி ஓடும். எருக்கம் இலையில் வைத்துப் பார்த்தால்தான் வெந்தய வரியன் புழுவின் கதை புரியும். அந்தப் பாலில் உள்ள நஞ்சைத் தின்று, அதையே தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது. இலையை நீக்கிவிட்டால் வெறும் கோடு போட்ட ஒரு புழு. அகலக்கோண லென்ஸைப் பூச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால், முன்னால் வண்டு பெரிதாகவும், பின்னால் ஏரியும் படகும் பனைமரமும் மங்கலாகவும் விழும். அந்தப் படத்தை எந்த நீதிமன்றத்திலும் நீட்டலாம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதி இல்லாமல் காட்டுயிரை எடுத்துப்போகக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. சரணாலயத்தில் படமெடுக்க அனுமதி தருவது பற்றிய 28-ஆம் பிரிவை 2022-ல் திருத்தினார்கள். வாழிடத்தை மாற்றாமல், வாழிடத்துக்கும் உயிர்களுக்கும் கேடு செய்யாமல் எடுக்கும் படத்துக்கே அனுமதி என்று அதில் சேர்த்துவிட்டார்கள். கிளையை ஒடித்துப் பின்னணியைச் 'சுத்தம்' செய்பவர்களும் இதைப் படிப்பது நல்லது.

சட்டம் கிடக்கட்டும். இந்த ஏரியின் மீனவக் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அதை மீறினால் ஊரே கேட்கும். ஏரியை நம்பிச் சோறு தின்பவர்கள், ஏரியிலிருந்து எதை எப்படி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாதா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லூரிப் புகைப்பட மன்றங்களும் போட்டி நடத்துபவர்களும் பூச்சிப் படத்துக்கு மூன்று கேள்வி கேட்கட்டும். எந்த ஊர், எந்தத் தேதி? வெட்டாத மூலக் கோப்பு எங்கே? பூச்சியைத் தொட்டீர்களா, நகர்த்தினீர்களா, குளிர வைத்தீர்களா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். 'ஸ்டுடியோ' என்று ஒரு பிரிவு வைத்து அதில் போடட்டும். ஸ்டாரெவிச்சின் வாரிசுகளுக்கும் ஓர் இடம் வேண்டும்தானே. 'இயற்கை' என்ற பலகைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

அந்தப் பலகைக்குக் கீழே வருகிற தட்டானுக்கு ஓர் ஊர் இருக்கட்டும். அது சுண்ணாம்புக்குளமாக இருந்தால் அந்த ஏரிக்கு நல்லது.